சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

ஆயுத பூசையன்று மகள் வேலை பார்த்த ஸ்கேன் சென்டருக்கு நானும் போயிருந்தேன். ஊழியர் வீட்டார் எல்லோருக்கும் அழைப்பு. ஸ்கேன் மெஷின், பிரிண்டர், ஜெனரேட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் இருந்த சர்வருக்கு மாலையே போட்டிருந்தது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் மகளின் வேலை.

காலையிலிருந்தே அவள் முகம் சரியில்லை. சர்வரில் ஓடும் எல்லா புரோகிராம்களும் பொதுவாக எடுத்துப் பயன்படுத்த, அடியில் லைப்ரரி என்று ஒரு நிரல் தொகுப்பு உண்டாம். வெளியாள் உள்ளே புகுகிற மாதிரி அதில் ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார்களாம். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"மேலூர் பஸ்ல ஒருத்தரு ஒத்தக்கடையில எறங்கிட்டாருன்னு வையி. கண்டக்டருக்குத் தெரியாது. அவருக்குத் தர வேண்டிய மீதிய, அந்த சீட்டுல இப்ப யாரு இருக்காங்களோ அவங்க கையில குடுத்துட்டுப் போறாரு. மெமரியிலயும் அப்படித்தாம்மா. காலியான எடத்த இன்னும் பழைய ஆளோடதுன்னே நெனச்சுக்கிட்டு இருக்கு. அங்க திருடன் வந்து உக்காந்தா, அவன் சொன்னதக் கேக்கும்."

திருத்திய லைப்ரரியை முந்தின நாளே போட்டுவிட்டாள். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் பழையதையேதான் பிடித்துக்கொண்டிருக்குமாம். சர்வரை ஒருமுறை நிறுத்திக் கிளப்ப வேண்டும். முந்தின நாள் கூட்டம் அதிகம் என்று மேனேஜர் விடவில்லை. பூசை முடிந்ததும் அவரிடம் மறுபடி கேட்டாள்.

"சார், இன்னைக்குத்தான் பேஷன்ட் யாரும் இல்லையே. அஞ்சே நிமிசம்."

"ஏம்மா, பூசை போட்டதுல நாளைக்குக் காலையில வரைக்கும் கை வைக்கலாமா? பொட்டு இன்னும் காயல."

"அது ஓடிக்கிட்டுத்தான சார் இருக்கு."

"ஓடட்டும். நாம தொடக் கூடாது. போயி சுண்டல வாங்கிக்க. டீச்சர், உங்க பொண்ணு பூசையன்னைக்கும் வேலை வேலைங்குது. சீக்கிரம் ஒரு மாப்ளையப் பாருங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் காலை ஒரு ரிப்போர்ட்டும் திறக்கவில்லை. எவனோ சர்வருக்குள் புகுந்து எல்லாவற்றையும் பூட்டியிருந்தான். மனைவியின் ரிப்போர்ட்டுக்காக அலங்காநல்லூரிலிருந்து வந்த ஒருவர் சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு எழவில்லையாம். அன்றே மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் புதிதாக எதையோ போட்டதால்தான் எல்லாம் கெட்டது என்று முடிவுகட்டிவிட்டார்கள். இப்போது எங்கே வேலை கேட்டாலும், அந்த இடத்துக்காரர்கள் ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டு விசாரிக்கிறார்கள். பிறகு கூப்பிடுவதில்லை.

போன வாரம் அவளுக்குச் சொல்லாமல் மேனேஜரைப் பார்க்கப் போனேன். பஸ், சீட்டு, மீதிச் சில்லறை எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"டீச்சர், இம்புட்டு வருசம் நல்லா ஓடுச்சு. உங்க பொண்ணு கை வச்சதும் நிக்குது. நான் என்னன்னு நெனைக்க?"

அவருக்குப் பின்னால் புது சர்வர் இருந்தது. அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மதியம் போட்டுவைத்த சோறு தட்டில் அப்படியே காய்ந்துகிடந்தது.

"அங்கதான போயிட்டு வர்ற?"

பையை ஆணியில் மாட்டினேன்.

"விடும்மா. எனக்கே இப்பல்லாம் சந்தேகமா இருக்கு, நான் போட்டதுலதான் என்னமோ தப்பாயிருச்சோன்னு."

இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு அந்த வேலை எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.