இரண்டு நாளைக்கு மட்டும்

இசைவாணிக்கு அந்தக் கம்பெனி வாசலில் கால் வைத்தாலே குமட்டும். கடலூருக்கு வெளியே சாயப் பொருள் தயாரிக்கிற இடம். நாற்றத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "மேடம் மட்டுந்தானா, இன்ஜினியர் வரலியா?" என்று கேட்டில் ஒவ்வொரு தடவையும் கேட்பார்களே, அதைத்தான் பொறுக்க முடியாது. பதின்மூன்று வருஷமாக இவள்தான் இன்ஜினியர். குமராட்சியில் நடவு நட்ட கூலியில் அம்மா இருசம்மாள் படிக்கவைத்த பெண். இப்போது சிதம்பரத்தில் குடியிருப்பு. ஆலைகளில் மெஷின்களை ஓட்டுகிற கன்ட்ரோலர்களுக்குப் புது சாஃப்ட்வேர் ஏற்றுவது பிழைப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதற்காகவே பிளான்ட்டை நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போகும்போது, சாயத்துக்கான ரசாயனம் வேகிற ரியாக்டரில் வேலை பார்க்கும் சின்னையன் எதிரே வந்தார். வலது கண் ரத்தமாகச் சிவந்து கிடந்தது.

"என்னாண்ணே கண்ணு இப்பிடி?"

"மூணு வருசமா எரியுது மேடம். சொன்னா பீடிய உடுங்கறாங்க. நான் பீடியே குடிக்கறதில்ல. இப்பல்லாம் பஸ்ஸு போர்டே தெரிய மாட்டுது."

நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டேதான் கன்ட்ரோலர் இருக்கிற பேனல் கதவைத் திறந்தாள். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை அப்பிய சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. பழைய புரோகிராமைக் காப்பி எடுக்கும்போது அது கண்ணில் பட்டது. ரியாக்டர் பக்கம் வாயு கசிகிறதா என்று பார்க்கிற நாலாம் நம்பர் சென்சாருக்கு யாரோ 'ஃபோர்ஸ்' போட்டிருந்தார்கள். சென்சார் என்ன கத்தினாலும் காதில் வாங்காதே, கசிவே இல்லை என்று வைத்துக்கொள் என்று கன்ட்ரோலருக்குச் சொல்லிவைத்த பொய் அது. தூ, இதையும் செய்துவிட்டு எப்படித்தான் சோறு இறங்குகிறதோ. செய்தவன் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தேய்க்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

கன்ட்ரோலரின் அடிப்படை சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரையே மாற்றினால் அந்தப் பொய்யும் சேர்ந்து அழிந்துவிடும். அழியட்டும் என்று ஏற்றினாள்.

பதினோரு மணிக்கு ரியாக்டரை ஓட்டினார்கள். கால் மணி நேரத்தில் சைரன் அலறியது. கன்ட்ரோலர் தானே ரியாக்டரை நிறுத்திவிட, ஆட்கள் எல்லோரும் வெளியே ஓடினார்கள். மேனேஜர் தட்சிணாமூர்த்தி கசிவைப் பார்க்கப் போகவில்லை, நேரே பேனல் ரூமுக்கு வந்தார்.

"இன்னாம்மா பண்ண? பழையபடி போடு."

"கசியுது சார். சென்சார் உண்மையத்தான் சொல்லுது."

"கசியறது எனக்குத் தெரியாதா? அத அடைக்கணும்னா பத்து நாளு மூடணும். நீ போட்டுட்டுக் கெளம்பு."

"மொதல்ல இத போட்டவன் யாரு சார்? மனுசனா அவன்?"

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டி, அவள் முன்னால் நீட்டினார். மூன்று வருஷத்துக்கு முந்தைய சர்வீஸ் ரிப்போர்ட். 'சென்சார் 4 பழுது. இரண்டு நாளைக்கு மட்டும் ஃபோர்ஸ் போடப்பட்டுள்ளது. புதுசு மாட்டியதும் எடுக்கவும்.' கீழே அவளுடைய கையெழுத்து.

அன்றைக்கு நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம். ரெண்டு நாள்தானேம்மா என்றார்கள், போட்டாள், அதோடு மறந்துபோனாள். புது சென்சார் அடுத்த வாரமே வந்துவிட்டது. கசிவை அது காட்டிக்கொடுக்கும் என்று பொய்யை யாரும் எடுக்கவில்லை. இவளும் எடுத்தீர்களா என்று ஒரு போன் போட்டதில்லை. வேறு மெஷின்களுக்காக அதற்கப்புறம் ஆறு தடவை இதே ஆலைக்கு வந்து போயிருக்கிறாள்.  காலையில் தூ என்றதும் மிளகாய்ப் பொடி என்றதும் தன்னையேதான்.

கேபிளைப் பிடுங்கிச் சுருட்டினாள்.

"போட மாட்டேன் சார். கசியுதுன்னு இன்னைக்கு ரிப்போர்ட்ல எழுதறேன். எங்க கம்பெனிக்கு போன் பண்ணி என்ன வேணா சொல்லிக்குங்க."

அவர் போனை எடுத்தார். வேலை போனாலும் போகட்டும் என்று அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

சைக்கிள் ஷெட்டில் சின்னையன் டீ கிளாஸோடு காத்திருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒருத்தனும் காதுல வாங்கல. நீங்க வந்துதான் கண்டுபுடிச்சீங்க. குடிங்க மேடம்."

வாங்கிக் குடித்திருக்கலாம். யார் போட்டது என்று கேட்க ஆளில்லை.

"கண்டுபுடிக்கலண்ணே. அத மறைச்சி வெச்சதே நான்தான். ரெண்டு நாளைக்குன்னு போட்டேன். திரும்பிப் பாக்கவே இல்ல."

சின்னையன் சிவந்த கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.  நீட்டிய டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவள் எதிரிலேயே நின்று, அவரே குடித்து முடித்தார்.