விசிலக்காவும் கவிழ்ந்த மர ரயிலும்

"முன்னால போறவங்க கொஞ்சம் நில்லுங்க. பின்னால ரெண்டு டிக்கெட் குறையுது" என்று சொல்லி விசிலக்கா ஒருமுறை ஊதுகிறார். காட்டுப் பாதையில் பதினாறு பேரும் பிரேக் போட்டதுபோல் நிற்கிறார்கள். ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்த தம்பதி மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் விரல் நீட்டித் தலைகளை எண்ணிவிட்டு, இரண்டு விசில் கொடுக்கிறார். கூட்டம் நகர்கிறது.

இருபத்தாறு வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், ஞாயிறுதோறும் ஆட்களைக் காட்டுக்குள் நடத்திக் கூட்டிப் போகிறார். இங்கே மரம் வெட்டுவது நின்று நாற்பது வருஷம் ஆகிறது. வெட்டிய மரத்தைச் சுமந்த குட்டி ரயிலின் தண்டவாளத்தைப் பிடுங்கிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அது கிடந்த தடம்தான் இப்போது நடைபாதை. கட்டைகளை ஊறப்போட்ட குளத்தில் துடுப்புப் படகு விடுகிறார்கள். ஏற்றம் அதிகமா என்று கேட்பவர்களுக்கு விசிலக்காவிடம் ஒரே பதில்தான்: "ரயிலே ஏறியிருக்கு, உங்களுக்கு என்ன?" சருகைக் காலால் விலக்கி, அடியில் கறுப்பாய்க் கிடக்கும் எஞ்சின் சாம்பலைக் காட்டாமல் நகரமாட்டார். பாதை விளிம்பில் தொங்கிக்கொண்டு படமெடுப்பவர்களை, "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று விரட்டுவார்.

ஓடைப் பாலம் வந்தால் மட்டும் குரல் குழையும். அவர் பிறப்பதற்கு முந்தின வருஷம் மர ரயில் கவிழ்ந்த இடம் அது. அதில் பிரேக் பிடிக்கும் வேலையில் இருந்தவர் அவருடைய அப்பா. "எல்லாரும் குதிச்சிட்டாங்க. எங்கப்பா மட்டும் கடைசி வரைக்கும் பிரேக்கை விடல." சொல்லும்போதே கை ஒரு சக்கரத்தைப் பிடித்துத் திருகும். அப்பாவே வீட்டில் நூறு தடவை சொன்ன கதை. இந்த வருஷம் வன அலுவலகம் அதை ஒரு பலகையில் எழுதிப் பாலத்தருகே வைப்பதாகச் சொல்லி, வாசகத்தையும் அவரிடமே வாங்கிக்கொண்டது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

போன மாதம், எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மருமகன் கையைப் பிடித்தபடி நடக்க வந்தார். பாலத்துக் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "நானும் அதே வண்டியில பிரேக்மேன்தாம்மா" என்றார். "கவுந்தது இங்க இல்ல, அடுத்த வளைவுல. பிரேக் கம்பி அத்துப்போச்சு, அப்புறம் எதைப் பிடிக்கிறது? எல்லாருந்தான் குதிச்சோம். முதல்ல குதிச்சது உங்கப்பா. அதுவும் சாப்பாட்டுத் தூக்கை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு."

சிரிக்கலாமா கூடாதா என்று கூட்டம் அக்காவைப் பார்த்தது. அவர் முகம் சுண்டிப்போயிற்று. அன்று மீதி வழியில் ஒருவரையும் விரட்டவில்லை.

மறுநாள் தனியாக அந்த வளைவுக்குப் போய்ப் புதரை விலக்கினார். பள்ளத்தில் ஒரு ரயில் சக்கரம் பாதி புதைந்து, துருவேறிக் கிடந்தது. அப்பா இப்படியொரு புளுகை அவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. அவர் பேருக்கென்று இருந்ததே அந்த ஒரு வீரம்தான். அதையும் பெற்ற மகளே அழிக்க வேண்டுமா என்றும் இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்பா நிஜமாகவே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்று, வண்டியோடு அந்தப் பள்ளத்தில் போயிருந்தால் தான் பிறந்தே இருக்கமாட்டோம் என்பது மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது உறைத்தது. தனியாக நின்று சிரித்தார். கையைத் துடைத்துக்கொண்டு நேரே வன அலுவலகம் போனார்.

"பெயின்ட் அடிச்சாச்சேம்மா" என்றார் எழுத்தர்.

"அழிச்சிட்டு அடிங்க. நான் சொன்னது தப்பு."

போன ஞாயிறு, பாலத்தில் பழைய ஆட்கள் சிலர் கதை கேட்கத் தாமாகவே நின்றார்கள். விசிலக்கா இரண்டு விசில் கொடுத்து நகர்த்தினார். வளைவு வந்ததும் ஒரு விசில்.

"மர ரயில் கவுந்தது இங்கதான். இத்தனை நாளா உங்களைத் தப்பான ஸ்டாப்பில இறக்கிட்டேன். எங்கப்பா இங்கதான் குதிச்சாரு. எல்லாருக்கும் முன்னாடி."

"எப்படிக்கா?" என்றது ஒரு குரல்.

விசிலக்கா தண்ணீர்ப் பாட்டிலை நெஞ்சோடு சேர்த்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். கண்ணை இறுக மூடி, முழங்காலளவு மேட்டிலிருந்து தொப்பென்று பள்ளத்தில் குதித்தார்.