ஒன்றரை காரட்டுக்கு மேலே

சிதம்பரத்தில் அத்தை முப்பது வருடம் குடியிருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் விற்கப்போவதாகச் சொன்னது 2008-ல். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. மாமா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. தை பிறப்பதற்குள் பணம் கொடுத்தால் வீடு அத்தைக்கு. இல்லாவிட்டால் அவர் பெங்களூரில் மகனுடைய அடுக்குமாடிக்குப் போக வேண்டும்.

"அங்க போனா லிஃப்ட்ல ஏறி எறங்கறதுதான் என் வேல. நான் போவ மாட்டேன்," என்றார்.

சேமிப்பெல்லாம் சேர்த்தும் மூன்றரை லட்சம் குறைந்தது. கையில் இருந்தது கல்யாணத்தின்போது மாமா போட்ட மோதிரம். ஒற்றை வைரம், வட்டக் கல், பட்டாணி அளவு.

நான் அப்போது கடலூரில் ஒரு நகைக்கடையில் கல் சோதிக்கும் வேலையில் இருந்தேன். இயற்பியல் படித்துவிட்டுச் சென்னையில் ஆறு மாதம் அதற்கென்றே படித்தவள். எங்கள் கடையில் பழைய வைரம் வாங்குவதில்லை. அதனால் அத்தை முதலில் தானே இரண்டு கடை ஏறி இறங்கினார். இரண்டிலும் ஒன்றரை லட்சம்தான் சொன்னார்கள். காரணமும் ஒன்றே: கல் மஞ்சள், எடை ஒன்று முப்பது காரட்டுக்கு மேல் இராது.

"மஞ்சளாம்! அசல் புளூ ஜாகர் கல்லுடி அது," என்று மோதிரத்தை என் மேஜையில் வைத்தார். எங்கள் பக்கம் யார் வீட்டில் வைரம் இருந்தாலும் அது நீலம் ஓடும் புளூ ஜாகர்தான் என்று சொல்லிக்கொள்வார்கள். நான் நோட்டை எடுத்து நான்கு வரி எழுதினேன். எடை. நிறம். உள்ளே குறை. பட்டை வெட்டு.

பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடியில் பார்த்தேன். உள்ளே குறை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஓரமாக இறகு போல ஒரு வெள்ளைக் கோடு. பட்டைகள் ஒழுங்காக இருந்தன. ஆனால் எடைக்கும் நிறத்துக்கும் எதிரே கேள்விக்குறிதான் போட முடிந்தது. அந்தக் காலத்து வழக்கப்படி கல்லின் அடி முழுக்கத் தங்கத்தால் மூடிய கட்டு அது. கிண்ணத்துக்குள் உட்கார வைத்தாற்போல. சுற்றிலும் தங்கத்தின் உதடு கல்லின் விளிம்பைக் கவ்வியிருந்தது. கிண்ணத்தின் மஞ்சள் கல்லில் ஏறும். கட்டிலுள்ள கல்லை அளந்துதான் எடை கணிப்பார்கள்; உதடு மறைத்த அகலம் கணக்கில் வராது. கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. தெரிந்ததற்கு விலை சொன்னார்கள்.

"கட்டைப் பிரிச்சாத்தான் சரியா சொல்ல முடியும், அத்தை."

"பிரிக்கவே கூடாது. கட்டுப் பிரிச்ச கல்லு வீட்ல தங்காது."

"விக்கத்தானே போறோம்?"

அத்தை என்னை முறைத்தார். பிறகு சிரித்துவிட்டார். "உன்ன கட்டிக்கப் போறவன் பாவம்டி."

பிரித்தால் என்னென்ன ஆகலாம் என்பதையும் எழுதிக் காட்டினேன். எடை கூடலாம். நிறம் வெளுக்கலாம். எடுக்கும்போது கல் அடிபடலாம். மறைந்திருக்கும் குறை தெரிய வரலாம். அத்தை கடைசி வரியில் விரல் வைத்து, "இது இருக்காது," என்றார்.

மறுநாள் காலை திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த பத்தரிடம் போனோம். அவர் உதட்டை நூல் நூலாக அறுத்துத் திறந்தார். அத்தை அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது வருடத்துச் சோப்பும் அழுக்கும் கிண்ணத்தில் கறுப்பாகப் படிந்திருந்தன. கல்லைக் கழுவித் துடைத்து, கடைக்குக் கொண்டுபோய்த் தராசில் வைத்தேன். ஒன்று ஐம்பத்தாறு. ஒன்றரை காரட்டைத் தாண்டிவிட்டால் எடை மட்டுமல்ல, காரட் ஒன்றின் விலையே ஒரு படி ஏறும். வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். லேசான மஞ்சள்தான், கட்டில் தெரிந்ததைவிட மூன்று நிலை வெளுப்பு.

அப்புறம் விளிம்பைச் சுற்றிப் பார்த்தேன். உதடு மூடியிருந்த இடத்தில் எள்ளில் பாதி அளவு உடைசல்.

அத்தையிடம் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "மூடியே வெச்சிருந்தா வாங்கறவனுக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது," என்றார்.

பிரித்தாயிற்று, இனி திரும்ப முடியாது. அன்று சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து உடைசலின் நீளம், ஆழம் இரண்டையும் அளந்தேன். அந்த இடத்தை மட்டும் தேய்த்து எடுத்தால் எவ்வளவு எடை போகும் என்று மூன்று முறை கணக்குப் போட்டேன். மூன்று முறையும் மூன்று சென்ட்டுக்குள் வந்தது. நூறு சென்ட் ஒரு காரட். எங்களிடம் ஒன்றரைக்கு மேல் ஆறு சென்ட் உபரி இருந்தது.

பழைய வைரம் வாங்கும் வியாபாரி ஒருவர் கடலூரில் இருந்தார். கல்லைப் பார்த்த உடனே உடைசலைப் பிடித்தார்.

"மூளிக் கல்லும்மா இது. திருப்பி வெட்டணும். வெட்டினா ஒண்ணு நாப்பதுதான் நிக்கும். நாப்பதுக்குண்டான விலைதான் போட முடியும்."

"சுத்தி முழுக்க ஏன் வெட்டணும்ணே? அந்த எடத்த மட்டும் தேய்ச்சா போதும். மூணு சென்ட்டுக்கு மேல போகாது." அளவுகள் எழுதிய தாளை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"தாள்ல எல்லாம் சரியாத்தான் இருக்கும், பாப்பா. சாணையில வெச்சாத்தான் தெரியும்."

"அப்ப சாணை பிடிக்கறவரக் கேளுங்க. இந்த அளவ அப்படியே படிச்சுச் சொல்லுங்க. நாங்க காத்திருக்கோம்."

அவர் போன் செய்தார். அளவுகளைப் படித்தார். எதிர்முனையில் சொன்னதைக் கேட்டு, மீசையைத் தடவிக்கொண்டார். போனை வைத்துவிட்டு, "நாலு சென்ட்டுங்கறான்," என்றார்.

"ஒண்ணு அம்பத்திரண்டு," என்றேன். "ஒன்றரைக்கு மேலதானே?"

"என்னம்மா இது, பொண்ணா, தராசா?" என்று அத்தையைக் கேட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு," என்றார் அத்தை.

கல்லுக்கு மூன்றரை லட்சம் போட்டார். சாணைக் கூலி, எடைக் குறைவு என்று அதில் முப்பதாயிரம் பிடித்து, மூன்று லட்சத்து இருபதாயிரத்தில் முடித்தார். அதில் நான் எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை. உடைசல் இருந்தது உண்மை. ஆனால் அதே முப்பதாயிரம்தான் இப்போது வீட்டுக்குக் குறைந்தது. சிதம்பரம் போகும் பஸ்ஸில் நான் என் சம்பளத்தில் கடன் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அத்தை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"எள்ளுல பாதிக்கு முப்பதாயிரம் புடிச்சான் இல்ல? என் வூட்ல எத்தன எடத்துல உடைஞ்சிருக்குன்னு உனக்குத் தெரியுமா? வந்து அளந்து எழுதிக் குடு."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டேப்பும் டார்ச்சுமாகப் போய் அறை அறையாகப் பார்த்தேன். பதினேழு வரி வந்தது. சமையலறைச் சுவரில் விரிசல், நீளம் நான்கடி. பின்கதவுச் சட்டத்தில் கரையான், கீழிருந்து ஒரு முழம். இல்லாத ஒன்றை எழுதவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். "முப்பதாயிரம் குறைக்கணும். ஏன்னு கேளுங்க," என்று அத்தை நின்றபடியே தாளைப் படிக்க ஆரம்பித்தார்.

"முப்பது வருஷமா நீங்கதானே குடியிருக்கீங்க?" என்றார் அவர்.

"அதனாலதான் எல்லாம் தெரியுது."

பன்னிரண்டாவது வரி மொட்டைமாடி ஒழுகல். அவர் கையைத் தூக்கிவிட்டார். "போதும்மா. முப்பதக் குறைச்சுக்கறேன், பத்திரத்துக்கு நாள் பாருங்க."

"இன்னும் அஞ்சு இருக்கு," என்று அத்தை அடுத்த வரிக்குப் போனார். "கேட்டுட்டுப் போங்க."