ரீனி தனக்கு வைத்துக்கொண்ட பெயர்

மண்ணூர் கூட்டுரோட்டில் புதிதாக ஒரு மளிகைக்கடை வந்திருக்கிறது. போன வாரம் உளுத்தம்பருப்பு வாங்கப் போனபோது, கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிய பிளாஸ்டிக் பொட்டலம் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் மூக்கு அடையாளம் கண்டுகொண்டது. புளிக்க வைத்த மூங்கில் குருத்து. "அந்தப் பக்கத்துப் பசங்க கேக்குறாங்கம்மா, அதான் வாங்கிப் போட்டேன்" என்றார் கடைக்காரர். நான் வாங்கவில்லை. எனக்கு ரசமே ஒழுங்காக வைக்க வராது.

அந்த வாசனையை நான் முதலில் அறிந்தது ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில், ரீனி, மாவி இருவரின் டிபன் டப்பாவிலிருந்து. செல்போன் பாகங்களைக் கோக்கும் வேலை. நீலக் கோட்டு, தலைக்குத் தொப்பி, முகத்துக்கு மாஸ்க். கண் மட்டும்தான் தெரியும். அந்தக் கண்ணை வைத்தே ஆளைத் தெரிந்துகொள்ளும் லைனில் ரீனியையும் மாவியையும் வேறு யாரோடும் குழப்பிக்கொண்டதில்லை. இரண்டு பேரும் மிசோரத்துப் பெண்கள். மிசோரம் எங்கே இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. இப்போதும் மேகாலயா பக்கம் கொஞ்சம் தடுமாறுவேன்.

மாவி என்றால் அவர்கள் மொழியில் அழகானவள் என்று அர்த்தமாம். நாங்கள் 'மாவு' ஆக்கிவிட்டோம். இட்லி மாவு, கோதுமை மாவு என்று நாளுக்கொன்றாகக் கூப்பிடுவோம். அவளும் சிரிப்பாள்.

ரீனிக்கு நாங்கள் பெயர் வைக்க வேண்டியிருக்கவில்லை. அவளே வைத்துக்கொண்டாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ்ஸில் யாரோ அவள் முகத்தைப் பார்த்து "குங்ஃபூ தெரியுமா?" என்று கேட்டார்கள். அவள் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி, "நான் சைனா மாடல். கேரண்டி இல்ல. பாத்து யூஸ் பண்ணு" என்றாள். பஸ்ஸே குலுங்கியது. டிரைவர் அண்ணன்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு தினமும் ஒன்று. பஞ்ச் மிஷின் நின்றால், "சைனா கை பட்டுச்சு, ரிப்பேர்" என்பாள். சீக்கிரமே லைன் லீடர் குமரனும் அவளைச் சைனா என்றுதான் கூப்பிட்டார். அவளும் "யெஸ் சார்" என்று போனாள்.

மாவி மட்டும் சிரிக்கமாட்டாள். ஒருநாள் பஸ்ஸில் அவள் ரீனியிடம் அவர்கள் மொழியில் ஏதோ கடுமையாகச் சொன்னாள். என்ன என்று எஸ்தர் கேட்டாள். எஸ்தர் மண்ணூர்க்காரி, எங்கள் நாலு பேரில் வாய் பெரியது. மாவி தமிழுக்கு மாறினாள். பஸ் ஸ்டாண்டில் பையன்கள் சைனா, சைனா என்று மாவியின் பின்னாலேயே வந்திருக்கிறார்கள்.

"அவளே சொல்லிக்கிறா. நாங்க சொன்னா மட்டும் இன்னா? ஆசையாத்தான சொல்றோம்" என்றாள் எஸ்தர்.

நான் பெரிய நீதிபதி மாதிரி நடுவில் புகுந்தேன். "உங்கம்மா உன்ன எருமைன்னு கூப்புடுது. குமரன் சார் கூப்ட்டா வுட்டுருவியா?"

எஸ்தர் கொஞ்சம் யோசித்தாள். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

ரீனிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் சொல்லலன்னா அவங்க சொல்வாங்க. நான் ஃபர்ஸ்ட் சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுவாங்க."

"உன்ன விட்டுடுவாங்க. அடுத்தது என்கிட்ட வருவாங்க" என்றாள் மாவி.

"அப்ப மாவுன்னு கூப்ட்டா மட்டும் சிரிக்கிற?" என்று எஸ்தர் மடக்கினாள்.

"மாவு நான் ஒருத்தி. சைனா எங்க ஊர் எல்லாரும்."

அது சரிதான். ஆனால் ரீனி சொல்லாமல் இருந்தாலும் அந்தப் பையன்கள் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. இறங்கும் இடம் வந்ததும் பேச்சு நின்றது. மறுநாள் மறுபடி தொடங்கியது. சம்பள உயர்வைப் பற்றிக்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை.

ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்காமல் அவர்கள் இருவரும் தனி வீடு தேட ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான். எஸ்தரின் அம்மாவுக்கு வரிசையாக மூன்று போர்ஷன்கள் இருந்தன. நிலத்தை விற்ற பணத்தில் கட்டியது. "எங்க வூட்ல ஒண்ணு காலி கீது. ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு வாங்க, அப்டியே பாத்துட்டுப் போலாம்" என்றாள் எஸ்தர். நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்ப்பதற்கு எனக்கு யாரும் பத்திரிகை வைக்க வேண்டியதில்லை.

ஆராதனை முடிந்து எல்லோரும் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கைகொடுத்துக்கொண்டார்கள். எஸ்தரின் அம்மா இரண்டு கையாலும் மாவியின் கையைப் பிடித்து, "நல்லா இரு கண்ணு" என்றார். பிறகு வீட்டுக்கு வந்தோம். ரீனி சமையலறை ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். அடுப்பு எங்கே, அரிசி டப்பா எங்கே என்று இருவரும் கையால் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அந்த அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். "சாரிம்மா, வேற ஆளுக்குச் சொல்லிட்டோம்" என்றார் கடைசியில்.

எஸ்தர் முகம் மாறி அம்மாவை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் வெளியே குழாயடியில் நின்றோம். ஜன்னல் திறந்திருந்தது.

"யாருக்கும்மா சொன்ன? பொய்தான சொல்ற."

"நாயெல்லாம் துன்னுவாங்களாம்டி. நாத்தத்துல மத்த ரெண்டு வூட்டுக்காரனும் காலி பண்ணிடுவான்."

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? அந்தப் பொண்ணே தன்ன சைனான்னு சொல்லிக்குதுன்னு நீதான வந்து சொல்லிச் சிரிச்ச."

மாவிக்குத் தமிழ் நன்றாகப் புரியும். "வேற ஆள் வராங்களாம்" என்று மட்டும் ரீனியிடம் சொன்னாள். ரீனிக்கு அந்த வேகமான பேச்சில் இரண்டு வார்த்தைதான் புரிந்திருக்கும்: நாய், சைனா. அது போதுமானதாக இருந்தது. அவள் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டு நடந்தாள்.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் மாவி என்னிடம் சொன்னாள்: "எருமைன்னு சொன்னா வீடு கிடைக்கும்."

நான் பஸ்ஸில் சொன்ன உதாரணம் எவ்வளவு சொத்தை என்று அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை லைனில் குமரன், "சைனா, அந்த ட்ரேயை எடு" என்றார்.

"பேர் ரீனி சார்."

"நீயேதான சொல்லுவ?"

"சொன்னேன். இனிமே இல்ல."

அவர் விளையாட்டென்று நினைத்து மறுபடியும் அப்படியே கூப்பிட்டார். ரீனி அசையவில்லை. ட்ரே அப்படியே இருந்தது. பின்னால் பெட்டிகள் சேர்ந்துகொண்டிருந்தன. எஸ்தர் எழுந்து வந்து ட்ரேயை எடுத்தாள். "அண்ணா, அந்தப் பேரு வேணாண்ணா."

"நீதான மொதல்ல சிரிச்ச?"

"ஆமா" என்றாள் எஸ்தர். குமரனுக்கு நிஜமாகவே வருத்தம். கெட்ட மனுஷன் இல்லை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதைப் பார்த்து நாங்களும் விட்டோம்.

வல்லம் வடகாலில் ஒரு பஞ்சர் கடை மாடியில் அவர்களுக்கு அறை கிடைத்தது. எஸ்தர் அம்மாவிடம் வெகுநாள் பேசாமல் இருந்தாள். அந்தப் போர்ஷனுக்கு ஒரு குடும்பம் வந்தது. வாசனை இல்லாமல் எதையோ சமைத்தார்கள்.

ரீனியின் முழுப்பெயர் லால்ரின்புயி. அதை எங்கள் நாக்குக்குப் பழக்கிவிட்டவள் மாவிதான். எஸ்தர் தப்பில்லாமல் சொன்ன அன்று பஸ்ஸில் கைதட்டினோம். ரீனி திரும்பிப் பார்த்து, "தேங்க்ஸ்" என்றாள். மரியாதையான, சின்ன தேங்க்ஸ். அவள் வாய் திறந்தால் நாலு பேராவது சிரிப்பார்கள் என்றிருந்த பஸ்ஸில், அன்றைக்கு ஸ்ரீபெரும்புதூர் வரும்வரை எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தோம்.

அடுத்த வருஷம் அந்த லைனை எடுத்துவிட்டார்கள். மாவி ஊருக்குப் போனாள். ரீனி பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் இருப்பதாக எஸ்தர் சொன்னாள். பெயரைச் சரியாகக் கூப்பிடுகிறார்களாம். அங்கே யாரையாவது சிரிக்க வைக்கிறாளா என்று எஸ்தருக்குத் தெரியவில்லை.