லேமினேஷன் போட்ட உத்தரவு

கணபதி ஏரியாவில் கிரைண்டர் கல் கொத்தும் ஜபருல்லா பாய்க்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் இருபத்தாறு வருஷம் ஓடையோரத்து ஓட்டு வீட்டில் கழிந்தது. கம்பெனியில் விளிம்பு உடைந்து ஒதுக்கிய கற்களைச் சைக்கிளில் ஒவ்வொன்றாகக் கட்டி வந்து தானே தரை பாவினார். அவர் மனைவி சாஜிதா பேகம் அந்தத் தரையைத் தினமும் இரண்டு தடவை துடைப்பார். கரண்ட் இருந்தது, வீட்டு வரி ரசீது இருந்தது. பட்டா மட்டும் இல்லை.

பட்டா கேட்டு பாய் தாலுகா ஆபீசுக்குக் கால் தேய நடந்தார். மூன்று மனு கொடுத்தார், மூன்றும் கிணற்றில் போட்ட கல். இரண்டாவது மனுவோடு பழைய ரசீதுகளின் அசலையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். திருப்பிக் கேட்டபோது, "ஃபைல்லதான் இருக்கோணும்" என்றார்கள். அன்றைக்கு ஒரு வைராக்கியம் பிடித்தது. இனி எந்த ஆபீசுக்கும் அசல் காகிதம் கொடுப்பதில்லை.

பட்டாவுக்குப் பதிலாக நோட்டீஸ் வந்தது. ஓடைப் புறம்போக்கு, காலி செய்யவும். வக்கீல் சீனிவாசலு சென்னை ஹைகோர்ட்டில் ரிட் மனு போட்டார். இரண்டே மாதத்தில் உத்தரவும் வந்துவிட்டது.

"பாய், நமக்குச் சாதகமா வந்திருக்குதுங்க. ரெண்டு வாரத்துக்குள்ள இந்தக் காப்பியோட புதுசா ஒரு மனு எழுதி தாலுகா ஆபீஸ்ல குடுத்துபோடுங்க. அவங்க கூப்புட்டு விசாரிச்சு முடிவு சொல்ற வரைக்கும் ஊட்டுல கை வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்குதுங்க."

பாயின் மனசில் நின்றது அந்தக் கடைசி வாக்கியம்தான். வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. நேராகக் கடைக்குப் போய் உத்தரவை லேமினேஷன் போட்டார். வீட்டுக்கு வந்து, மக்கா படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

"ஏனுங்க, ஆபீஸ்ல குடுக்கச் சொன்னாருங்களே வக்கீலு?" என்றார் சாஜிதா.

"ஜட்ஜய்யாவே சொல்லிப்போட்டாரு. அவங்களுக்குக் கோர்ட்டுல இருந்தே போயிருமுல்ல? இதையும் கொண்டு போயித் தொலைச்சுப்போட்டு வரச் சொல்றயா?"

ஒரு ஜெராக்ஸ் போதும். லேமினேஷன் போட்ட கடையிலேயே ஜெராக்ஸ் மெஷினும் நின்றது. பாய்க்குத் தோன்றவில்லை, சாஜிதாவுக்கும் தோன்றவில்லை. வக்கீலோ அடுத்த கேசுக்குப் போய்விட்டார். அந்த வீட்டில் நாலு மாதம் நிம்மதியாகத் தூங்கினார்கள். பாவம், அத்தனை வருஷத்தில் அப்படித் தூங்கியது அந்த நாலு மாதம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜேசிபி வந்தது. பாய் பதறவில்லை. உத்தரவைச் சுவரிலிருந்து எடுத்து வந்து தாசில்தாரம்மாவிடம் கம்பீரமாக நீட்டினார். அந்தம்மா நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கம் வரை பொறுமையாகப் படித்தார்.

"இத ஆபீஸ்ல குடுத்தீங்களாங்க?"

"இல்லீங்கம்மா. பத்திரமா வெச்சிருக்கறனுங்க."

அந்தம்மா முகத்திலும் சங்கடம் தெரிந்தது. "நீங்க மனு குடுத்தா நாங்க விசாரிக்கோணும்னு கோர்ட்டு சொல்லியிருக்குதுங்க. நீங்க குடுக்கவே இல்லீங்களே. கெடு முடிஞ்சு மூணு மாசமாச்சு. சாமான எடுத்துக்குங்க, மத்தியானம் வரைக்கும் நிறுத்தி வெக்கறேன்."

பாய் வக்கீலுக்குப் போன் போட்டார். "டெல்லிக்குப் போலாமுங்களா? சுப்ரீம் கோர்ட்டு இருக்குதல்லங்க?"

"போயி என்னன்னு கேக்கறதுங்க பாய்? கோர்ட்டு உங்களுக்கு ஊடு குடுக்கலீங்க. எந்தக் கோர்ட்டும் ஆபீசர் சீட்டுல உக்காந்து பட்டா எழுதாதுங்க. உங்க பேச்சைக் கேட்டு முடிவு பண்ணுன்னு ஆபீசுக்குச் சொல்லும், அவ்வளவுதான். கேக்கறதுக்கு அவங்க இருந்தாங்க. நீங்க போகலீங்களே."

பாய் போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். உத்தரவைப் பழைய ஆணியிலேயே மாட்டிவிட்டுப் பீரோவைத் தூக்கப் போனார். அவருக்கு ஆத்திரம் யார் மேலும் இல்லை, தன் மேல்தான்.

மூன்று மணிக்கெல்லாம் வீடு மண்ணாகிவிட்டது. தரைக்கல் ஒன்றையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று சாஜிதா இடிபாடுகளைக் கிளறினார். கல் அகப்படவில்லை, உத்தரவுதான் வந்தது. முந்தானையால் புழுதியைத் துடைத்துப் பார்த்தார்.

"ஏனுங்க, ஒரு எழுத்துக்கூட அழியலீங்க" என்றார்.

ஜபருல்லா பாய் சாமான் ஏற்றிய வண்டியில் கிடந்த பீரோவைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.