காலி நாற்காலி காட்டக் கூடாது

இந்த ஊரில் என் வேலை தினமும் சிரிப்பில் தொடங்குகிறது. யாருடைய சிரிப்பு என்றுதான் தெரியாது. லாஸ் ஏஞ்சலஸில், தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிந்து ஒட்டும் ஒரு டேப் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். இங்கே தொலைக்காட்சி நாடகங்களில் வேடிக்கையான இடம் வந்ததும் ஒரு கூட்டம் சிரிப்பது கேட்கும். காஞ்சிபுரத்தில் இன்னும் டிவி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தக் கூட்டம் பல சமயம் அங்கே இருப்பதே இல்லை. எங்கேயோ எப்போதோ பதிவு செய்த சிரிப்பை எடுத்து ஒட்டுகிறார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் கேரலிடம் கேட்டேன். கேரல் என் மேலதிகாரி, சூயிங்கம் மெல்லாமல் பேசத் தெரியாதவள்.

"இவங்கள்லாம் யாரு?"

"தெரியாது கண்ணு. பழைய டேப். பாதிப் பேர் செத்துப் போயிருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அதற்குள்ளிருந்து அவர்கள் சின்னதாகச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

கொஞ்ச நாளில் அது பழகிவிட்டது. பழகாத ஒன்று செப்டம்பரில் வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை இந்நாட்டின் மாலை நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு எம்மி என்று ஒரு விருது கொடுக்கிறார்கள். இறக்கை முளைத்த தங்கப் பெண் ஒருத்தி அணுவைக் கையில் தூக்கி நிற்கும் சிலை அது. பழைய கேமராக் குழாய் ஒன்றின் செல்லப் பெயர்தான் திரிந்து இந்தப் பெயர் ஆயிற்று என்று எங்கள் கூடத்தில் சொல்வார்கள். விழா நடக்கும்போது யாராவது எழுந்து மேடைக்கோ கழிவறைக்கோ போனால், அந்த நாற்காலியில் உடனே வேறொருவரை உட்கார வைப்பார்கள். அதற்கென்றே நல்ல உடை உடுத்திய ஆட்கள் சுவரோரம் காத்து நிற்பார்கள். கேரல் அதற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்டே பட்டு இருக்கு இல்லே? வாயேன். காலி நாற்காலி காட்டக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். டிவியில நல்லா இருக்காது."

பட்டு இருந்தது. அந்த வாரம் காஞ்சிபுரத்தில் என் தங்கைக்கு ஆவணி முகூர்த்தம். என் குடியேற்ற மனு பாதியில் நின்றிருந்தது. இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். வேலையா கல்யாணமா என்று நான் எடை போட்டுப் பார்த்ததில் வேலை ஜெயித்தது. அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தறியில் ஒரே பாவில் நெய்த இரண்டு அரக்குப் புடவை எடுத்து, ஒன்றை எனக்கு அனுப்பினாள், கல்யாணத்தன்று இங்கே கட்டிக்கொள்ள. இன்னொன்று யாருக்கு என்று சொல்லவில்லை. செத்துப்போன பெரியம்மாவுக்குப் படைப்பதற்காக இருக்கும் என்று நினைத்தேன். அம்மா கோபித்துக்கொள்ளாததுதான் என்னை உறுத்தியது. என் இடம் அங்கே இன்னும் இருக்கிறதா என்று யாரிடமும் கேட்க முடியாமல் அந்த வாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

விழா அன்று கேரல் எங்களை வரிசையில் நிறுத்தி விதிகளைச் சொன்னாள். கையில் பை கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் நீங்களாகப் பேசக் கூடாது. கொடுத்த இடத்தில் உட்கார வேண்டும். சொல்லும்வரை எழக் கூடாது. இதே விதிகளை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், கிட்டத்தட்ட இதே வரிசையில்.

எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின நாள் பூவாடைக்காரிக்குப் படைப்போம். பூவும் பொட்டுமாகச் செத்துப்போன வீட்டுப் பெண்தான் பூவாடைக்காரி. எங்கள் வீட்டில் அது ரஞ்சிதம் பெரியம்மா, நான் பிறக்குமுன்பே பிரசவத்தில் போனவள். புதுப் புடவையை வீட்டுப் பெண் ஒருத்திக்குக் கட்டி மணையில் உட்கார வைப்பார்கள். எழுந்திருக்கும்வரை அவள்தான் ரஞ்சிதம். பேர் கேட்டால் அந்தப் பேரைத்தான் சொல்ல வேண்டும். பெரியப்பா வந்து "போயிட்டு வா" என்றால்தான் எழலாம். அந்த வார்த்தை இல்லாமல் எழுந்தால் போனவள் அடுத்த கல்யாணத்துக்கு வீடு திரும்ப மாட்டாள், உட்கார்ந்தவளும் முழுசாகத் திரும்ப மாட்டாள் என்பார்கள். அண்ணன் கல்யாணத்துக்கு என்னை உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெண் நான். பெரியப்பா எதிரே வந்து உட்கார்ந்தார். "சாப்ட்டியா ரஞ்சிதம்?" என்றார். கற்பூரம் அணைந்துவிட்டது. வாசலில் மேளக்காரர்கள் காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாமா, சொல்லிடுங்க," என்றாள் அம்மா. "கொழந்தைக்குக் கால் மரத்துப் போச்சு. எம்மா நேரமா உக்காந்துகினு இருக்குது பாருங்க."

"இருக்கட்டும்மா. வந்ததே இப்பதான்," என்றார் பெரியப்பா.

கடைசியில் சொன்னார். சொன்னபோது அவர் குரல் வேறு எங்கோ இருந்து வந்தது போல இருந்தது.

பக்கத்து ஊரான பாசடீனாவில், விழா நடந்த அரங்கத்துக்குள் கேரல் என்னைக் கூட்டிப்போன நாற்காலி, யாரும் எழுந்துபோன நாற்காலி இல்லை. அதன்மேல் 'எலினோர்' என்று அச்சடித்த அட்டை இருந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு என் காதில் சொன்னாள்: "கதை எழுதுற அம்மா. விருதுக்கான பட்டியல்ல பேர் இருக்கு. வசந்த காலத்துல இறந்துட்டாங்க. பக்கத்துல இருக்கிறது வீட்டுக்காரர். பேர் படிக்கும்போது கேமரா இங்கே வரும்." என்னை உட்கார வைத்துவிட்டு ஓடினாள்.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். என் முகத்தையும் புடவையின் ஜரிகையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க பேரு என்னம்மா?"

யோசித்திருந்தால் என் பேரைச் சொல்லியிருப்பேன். யோசிக்கவில்லை. உட்கார்ந்த பிறகு யாராவது கேட்டால் எந்தப் பேரைச் சொல்ல வேண்டுமோ, அது வாயில் வந்துவிட்டது.

"எலினோர்."

அவர் கொஞ்ச நேரம் மேடையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "என் மனைவி பேரும் அதுதான்," என்றார். இந்தியாவில் அந்தப் பேர் உண்டா என்று கேட்டார். நான் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டேன். விளம்பர இடைவேளைகளில் அவர் என் பக்கம் சாய்ந்து, மேடையைப் பார்த்தபடியே பேசத் தொடங்கினார். கூரை ஒழுகுவதைச் சரி செய்துவிட்டாராம். எலுமிச்சை மரம் இந்த வருஷம் காய்க்கவில்லையாம். "பூனை இன்னும் உன் நாற்காலியிலதான் தூங்குது," என்றார். 'உன்' என்றதை அவரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.

பட்டியலைப் படித்தார்கள். அந்தப் பெயர் வந்தபோது விளக்கு எங்கள்மேல் விழுந்தது. தூரத்தில் கேமராவின் சிவப்புப் புள்ளி எரிந்தது. கை தட்டினார்கள். விருது வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த இடைவேளையில் கேரல் சுவரோரம் நின்று, எழுந்து வா என்று கையைக் காட்டினாள். நான் அசையவில்லை. அவள் மறுபடி காட்டினாள், பல்லைக் கடித்துக்கொண்டு. பிழைப்புக்கு அவள் கையைப் பார்க்க வேண்டியவள் நான். ஆனால் எனக்குச் சொல்ல வேண்டியவர் அவள் இல்லை. பெரியவரைப் பார்த்தேன்.

"இரேன்," என்றார்.

இருந்தேன். விழா முடிந்து எல்லாரும் எழுந்தார்கள். அவரும் எழுந்து கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அவர் குனிந்து என் கையைத் தொட்டு, "குட்பை, எலினோர்," என்றார். அவர் தோள் இறங்கியது, எதையோ இறக்கி வைத்த மாதிரி. கூட்டத்தோடு போய்விட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு நல்லது நடந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. போ என்று சொல்லிவிட்டார். வா என்று சொல்ல இந்த ஊரில் வழக்கமில்லை.

கூட்டிப் பெருக்க வந்த மெக்சிகோக்காரப் பெண்மணி நாற்காலிகளை மடக்கிக்கொண்டே என்னிடம் வந்தார். "வீட்டுக்குப் போ கண்ணு. முடிஞ்சு போச்சு." அது செல்லுமா செல்லாதா என்று யோசித்தபடி எழுந்தேன். கால் மரத்திருந்தது.

நாடு பெரியது. கிழக்கே இரவானால் இங்கே மாலைதான். அதனால் விழா கிழக்கே நேரடியாகப் போகும்போது, எங்கள் பக்கத்துக்கு டேப்பில் பிடித்து வைத்துப் பிறகு காட்டுவார்கள். பஸ் பிடித்து அறைக்கு வந்து, புடவையைக்கூட மாற்றாமல் டிவியைப் போட்டேன். பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எலினோர் என்ற பெயர் வந்தது. திரையில் அரக்குப் புடவையில் ஒருத்தி. என் முகம்தான். ஆனால் நான் அப்படிப் பார்த்ததாக நினைவில்லை. அவள் நேராக என்னைப் பார்த்துக்கொண்டு, எழுந்திருக்கும் எண்ணமே இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். இது ஏன் இப்படித் தெரிகிறது என்று ஒவ்வொரு காரணமும் எனக்குத் தெரியும். அந்தக் கருவிகளோடுதான் பிழைக்கிறேன். ஆனாலும் எழுந்துபோய் டிவியை அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் எழுந்துவிடட்டும் என்று காத்திருந்தேன். காட்சிதான் மாறியது.

மறுநாள் அம்மாவோடு பேச டிரங்க் கால் கிடைத்தது. காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் போன் உள்ள ஒரே வீட்டில் அம்மா காத்திருந்தாள். கல்யாணம் நன்றாக நடந்ததாம். பெரியம்மாவுக்குச் சித்தப்பா பெண் வசந்தாவை உட்கார வைத்தார்களாம். பெரியப்பா இந்த முறை சீக்கிரமே சொல்லிவிட்டாராம்.

"அப்ப அந்த ரெண்டாவது அரக்குப் புடவை பெரியம்மாவுக்குத்தானே?"

"அது உனுக்குடி. குடும்பப் போட்டோ எடுக்க சொல்ல உன் எடத்துல நாற்காலி போட்டு, மேல பொடவைய வச்சேன். போட்டோக்காரர் சத்தம் போட்டாரு. காலியா இருந்தா நல்லாவா இருக்குதுன்னு. அப்புறம் வசந்தாவையே கட்டிக்கினு உக்காரச் சொன்னோம். தலைய கொஞ்சம் குனிஞ்சிக்கினா. அசப்புல நீதான்."

"அவளை எழுந்திருக்கச் சொன்னது யாரும்மா?"

அந்தப் பக்கம் கடல் இரைவது போல ஒரு சத்தம். பிறகு அம்மா சிரித்தாள்.

"அடிப் பைத்தியமே! நீ இன்னா செத்தா பூட்ட? யாரு சொல்லணும்? போட்டோ எடுத்ததும் பந்திக்கு ஓடிட்டா."

யாரும் சொல்லவில்லை. அந்தப் போட்டோவை வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டுவார்கள். இங்கே விழா டேப் எங்கேயோ ஒரு அலமாரியில் ஏறியிருக்கும். அங்கே ஒருத்தி, இங்கே ஒருத்தி, ஒரே பாவில் நெய்த புடவையில் சொல்லுக்காகக் காத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு ஊரிலும் நாற்காலி காலியாக இல்லை. நான்தான் ரிசீவரை வைத்த பிறகும் போன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.