மூலையில் ஒரு புள்ளி

அந்தத் தெருவில் தலையை நிமிர்த்தி எந்தப் போர்டைப் பார்த்தாலும் அது டிசைனக்கா செய்ததாகத்தான் இருக்கும். முடிவெட்டும் கடையின் விலைப்பட்டியல், பல் டாக்டர் வாசலில் ஈயென்று இளிக்கிற பல், டியூஷன் நோட்டீஸ், கேக் பெட்டி மேல் ஒட்டுகிற லேபிள், காணாமல் போன நாய்க்குட்டிக்கு அடித்த போஸ்டர், எல்லாம் அவள் கைவண்ணம். கை என்று சொல்வதுகூடச் சரியில்லை, வலது கட்டைவிரல் என்று சொல்ல வேண்டும். ஒரு போன், அதில் ஒரு டிசைன் ஆப், இவ்வளவுதான் அவள் ஆபீஸ். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் ஒரு போர்டை முடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்வாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்த கதையை அவள் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

அவள் வேலை செய்கிற விதமே ஒரு தினுசு. ஆப்பில் புதுப் பக்கம் திறக்கவே மாட்டாள். முதல்முதலில் திறந்தாளே ஒரு பக்கம், இத்தனை வருஷமும் அதிலேயேதான் குடித்தனம். கேக் கடை வேலை முடிந்ததா, அதைப் படமாக்கி அச்சகத்துக்கு அனுப்பிவிடுவாள். அப்புறம் அதே பக்கத்தில் நிறத்தை மாற்றி, எழுத்தை மாற்றி, பல் டாக்டருக்கு ஆரம்பித்துவிடுவாள். அப்படியானால் பழைய கேக்கை அழிக்க வேண்டாமா? அங்கேதான் சங்கதி இருக்கிறது. குப்பைத்தொட்டி படம் போட்ட ஒரு பட்டன் அந்த ஆப்பில் உண்டு. அதை அவள் தொட்டதே இல்லை. வேண்டாத படத்தை இரண்டு விரலால் கிள்ளிக் கிள்ளிச் சுருக்கி, வலது பக்கம் கீழ்மூலைக்குத் தள்ளிவிடுவாள். ஏன் அப்படி என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, ஆரம்பத்திலிருந்தே பழகிவிட்டது. சின்னத் திரையில் அது கண்ணுக்கே படாது. கண்ணுக்குப் படாதது இல்லாததுதானே என்பது அவள் கணக்கு.

இதனால் படாதபாடு பட்டவர் அச்சகக்காரர்தான். அவள் அனுப்புகிற எதை அடித்தாலும் கீழ்மூலையில் ஒரு கறுப்புப் புள்ளி விழும்.

"ஏம்மா, மறுபடி அதே இடத்துல புள்ளி. நேத்துதான் மிஷினைக் கழட்டித் தொடச்சேன்" என்று போனில் புலம்புவார்.

"பழைய மிஷின்தானே சார், நல்லா அழுத்தித் தொடைங்க" என்பாள் இவள், ஏதோ பெரிய என்ஜினியர் மாதிரி.

மனுஷர் அதையும் நம்பித் துடைப்பார். பாவம்.

இப்படி ஜோராக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் ஒரே ஒரு முள் இருந்தது. அவளுடைய சொந்த அக்கா அவளோடு பேசுவதில்லை.

எல்லாம் ஒரு போட்டோவால் வந்த வினை. அம்மா இவளோடுதான் இருந்தாள். ஒருநாள் சமையலறையில் நின்று, வெளிநாட்டிலிருக்கிற அக்காவோடு தன் பட்டன் போனில் பேசிக்கொண்டிருந்தாள். அக்கா என்ன சொன்னாளோ, அம்மாவுக்குச் சிரிப்பென்றால் சிரிப்பு, கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியொரு சிரிப்பு. இவள் சட்டென்று தன் போனில் ஒரு படம் எடுத்துவிட்டாள். சாதாரணமாகக் கேமராவைக் கண்டால் விறைத்துப் போகிற ஆள் அம்மா. அவள் சிரித்த படம் உலகத்திலேயே அது ஒன்றுதான்.

கொஞ்ச நாளில் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். காலையில் நன்றாக இருந்தவள், மத்தியானம் இல்லை. அக்காவால் வந்து முகத்தைப் பார்க்கக்கூட முடியவில்லை. வீடு நிறைய ஆட்கள். இரங்கல் கார்டு அடிக்க வேண்டும் என்றார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு அன்றைக்குத்தான் இவள் அந்த ஆப்பையே போனில் இறக்கினாள். அழுதுகொண்டே அந்தச் சிரித்த படத்தைப் பக்கத்தில் வைத்தாள். தாய்மாமா எட்டிப் பார்த்தார்.

"சாவுக் கார்டுல யாராவது பல்லைக் காட்டுவாங்களா? பாக்கறவங்க என்ன நெனப்பாங்க? வேற படம் போடும்மா."

வேறு படம் என்று இருந்தது அடையாள அட்டைப் படம்தான். அதில் அம்மா, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்த்தி வைத்த மாதிரி முழித்துக்கொண்டிருப்பாள். அதுவே கார்டில் போயிற்று.

காரியமெல்லாம் முடிந்ததும் அக்கா கேட்டாள். "அந்தப் படத்தை எனக்கு அனுப்புடி. அன்னைக்கு அம்மா என்கூடத்தான் பேசிட்டிருந்தாங்க. அவங்க சிரிச்ச சத்தம் கேட்டேன், மொகத்தைப் பாக்கல."

"நாளைக்கு அனுப்பறேன்க்கா" என்றாள் இவள். நாளைக்கு, நாளைக்கு என்று அது தள்ளிப்போயிற்று. அந்தப் படத்தைத் திறந்தாலே அழுகை வருகிறதே, என்ன செய்வாள்? அதற்குள் ஒருநாள் துணி ஊறவைத்த பக்கெட்டில் போன் தொபுக்கென்று விழுந்தது. ரிப்பேர் கடைகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. புதுப் போன் வாங்கி ஆப்பில் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டதும், அந்த ஒற்றைப் பக்கம் எங்கிருந்தோ இறங்கி வந்து நின்றது. போனில் இருந்த போட்டோக்கள் மட்டும் போனவை போனவைதான்.

"இருந்தது ஒரே ஒரு படம். அதைக்கூடப் பத்திரமா வச்சுக்கத் தெரியல உனக்கு. இனிமே என்கிட்டப் பேசாத" என்று வைத்தவள்தான் அக்கா. அதற்கப்புறம் அழைத்தாலும் வீட்டுக்காரர் போனுக்குத்தான் அழைப்பாள். பிள்ளைகள் எப்படி, மழை வருகிறதா என்று ஏழெட்டு வார்த்தை. அவரும் சத்தத்தை வெளியே வைத்துப் பேசுவார். இவள் காய் நறுக்குகிற கத்தியைக்கூட நிறுத்திவிட்டு அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். அழைப்பு முடிந்ததும் கத்தி மறுபடி ஓடும். வருஷக்கணக்கில் இப்படித்தான்.

கடைசியில் கட்டைவிரல் மக்கர் செய்தது. காலையில் எழுந்தால் மடங்காது, மடக்கினால் நிமிராது. டாக்டர் ஒரு பட்டையைக் கட்டிவிட்டு, "போனைத் தொட்டீங்கன்னா அடுத்து ஆபரேஷன்தான்" என்று பயமுறுத்தி அனுப்பினார். முடிவெட்டும் கடைக்காரர் புது விலைப்பட்டியலுக்கு நச்சரித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஆபீஸில் வேண்டாம் என்று கழித்துப்போட்ட கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்தார். அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் ஓடவில்லை. ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிற மனுஷர், நாலு மாடி படியேறி, மானிட்டரைக் கட்டிப்பிடித்தபடி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"ஒருத்தரும் பாக்கலையே?" என்றார் முதல் வார்த்தையாக.

மறுநாள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் வந்தார். "அக்கா, டிசைனுக்குன்னு பெரிய பெரிய சாஃப்ட்வேர் இருக்கு. போன் ஆப்பெல்லாம் சின்னப் புள்ளைங்க விளையாட்டு. பெருசைக் கத்துக்குங்க" என்றார்.

"எனக்கு என் ஆப்தான் வேணும். இத்தனை வருஷம் கழிச்சு புருஷனை மாத்திக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கு நீங்க சொல்றது."

வீட்டுக்காரர் இருமினார். ரிப்பேர்காரர் சிரித்துவிட்டு எமுலேட்டர் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போன் இருப்பதாக நடிக்கிற மென்பொருள் அது. நடிப்பென்றால் சாதாரண நடிப்பில்லை. பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்றுகூட மேலே காட்டியது. அத்தனை பெரிய திரையின் நடுவில் ஒரு போன் ஒல்லியாக நின்றது. பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டாள், அவளுடைய பழைய பக்கம் சமர்த்தாக வந்து உட்கார்ந்தது.

பழக்கதோஷம், மானிட்டர் கண்ணாடியிலேயே விரலை வைத்து இழுத்தாள். ஒன்றும் அசையவில்லை. விரல் ரேகை மட்டும் பதிந்தது.

"அது டச் இல்லக்கா, மவுஸைப் பிடிங்க."

"ரெண்டு விரலால கிள்ளணுமே, இதுல ஒரே ஒரு அம்புதானே இருக்கு?"

"கன்ட்ரோல் பட்டனை அழுத்திக்கிட்டு இந்தச் சக்கரத்தை உருட்டுங்க. மேல உருட்டினா பெருசாகும், கீழ உருட்டினா சின்னதாகும்."

கிளம்பும்போது அவர் அந்தப் போனைப் படுக்கவைத்துத் திரை முழுவதும் விரித்துவிட்டுப் போனார். அவ்வளவு பெரிதாகத் தன் வேலையை அவள் பார்த்ததில்லை. எழுத்துக்கள் கொஞ்சம் கோணலாக இருந்தது தெரிந்து வெட்கமாகக்கூட இருந்தது. அப்போதுதான் கீழ்மூலையில் ஒரு கறுப்பு அழுக்கு கண்ணில் பட்டது. ஆபீஸ்காரர்கள் ஒருநாளாவது துடைத்திருப்பார்களா என்று திட்டிக்கொண்டே கண்ணாடித் துணியால் தேய்த்தாள். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். ஊஹூம். போகட்டும் என்று பக்கத்தை மேலே தள்ளினாள். அழுக்கும் கூடவே மேலே போயிற்று.

திரையில் ஒட்டிய அழுக்கு எங்கேயாவது நகருமா?

"ஐயையோ" என்றாள். அச்சகக்காரர் முகம் கண்முன் வந்தது. அந்த மனுஷர் இத்தனை வருஷம் துடைத்தது இவள் குப்பையை.

கன்ட்ரோலை அழுத்திச் சக்கரத்தை உருட்டினாள். புள்ளி கடுகளவு ஆயிற்று, காசளவு ஆயிற்று, அப்புறம் புள்ளியாகவே இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவைத்த குட்டிக் குட்டிப் படங்கள். மேலே இருந்த கத்தரிக்கோலை மவுஸால் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். அடியில் பல் டாக்டரின் பல். அதற்கடியில் கேக். அதற்கடியில் நாய்க்குட்டி. போஸ்டர் ஒட்டிய அன்றைக்கே தானாக வீடு திரும்பி, செய்த வேலையை வீணாக்கிய கழுதை அது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. தான் செய்ததெல்லாம் இப்படிக் குவிந்துகிடக்கிறதே என்று ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டே போனாள். டியூஷன் நோட்டீஸின் புத்தகம், முதல் வாடிக்கையாளரான தையல்காரரின் ஊசி, அப்புறம் எல்லாவற்றுக்கும் அடியில் மங்கலாக ஒன்று.

அதைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கினாள். சமையலறை ஜன்னல் தெரிந்தது. பட்டன் போனைப் பிடித்த கை தெரிந்தது. கையைச் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டாள். அதற்குமேல் உருட்டப் பயமாக இருந்தது.

அன்றைக்கு என்ன செய்தோம் என்பது இப்போது ஞாபகம் வந்தது. தாய்மாமா வேறு படம் போடச் சொன்னார். இந்தப் படத்தைத் தொட்டதும் கீழே அந்தப் பட்டன் வந்து நின்றது. அம்மா இறந்த அன்றைக்கே, அவள் முகத்துக்குக் கீழே ஒரு குப்பைத்தொட்டி. அதை அழுத்த மனசு வருமா? இரண்டு விரலால் மெதுவாகச் சுருக்கி மூலையில் வைத்தாள். அன்றைக்கு இருந்த நிலையில் அது நெஞ்சில் பதியவில்லை. விரல் மட்டும் மறக்கவில்லை, அதற்கப்புறம் எதையும் அது குப்பையில் போடவே இல்லை.

மறுபடி சக்கரத்தை உருட்டினாள். அம்மா திரை முழுக்கச் சிரித்தாள். சுருங்கிக் கிடந்த படம் ஒரு சுருக்கமும் விழாமல் விரிந்தது, கடைவாய்ப் பல் வரைக்கும் தெளிவாக. "அம்மா" என்று சத்தமாகவே கூப்பிட்டுவிட்டாள். குளித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் தலையில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். திரையைப் பார்த்தார், அப்படியே பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

படத்தை அக்காவுக்கு அனுப்பினாள். "கிடைச்சிடுச்சுக்கா" என்று மட்டும் எழுதினாள். பதில் இல்லை. அக்கா வேலையில் இருப்பாளா, பார்த்துவிட்டும் பேசாமல் இருக்கிறாளா, தெரியவில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று முடிவெட்டும் கடைக்காரரின் பட்டியலை எடுத்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு புதுப் பக்கம் திறந்தாள். பழைய பக்கத்தை இனி யாருக்கும் விடுவதாக இல்லை. பட்டியலை முடித்து அச்சகத்துக்கு அனுப்பியும் ஆயிற்று. சாயங்காலம் அச்சகக்காரர்தான் அழைத்தார்.

"அம்மா! புள்ளி போயிடுச்சும்மா! பளிச்சுன்னு வந்திருக்கு. நான் அப்பவே சொல்லல, விடாம தொடச்சா போயிடும்னு?"

உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "உங்க கை ராசி சார்" என்றாள். போனை வைப்பதற்குள் அது மறுபடி அடித்தது. வீட்டுக்காரர் வழக்கம்போலத் தன் போனை எடுத்துப் பார்த்தார்.

"என்னுது இல்லையே."

அவளுடையதுதான். அக்கா. எடுத்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் வந்தது. இவளும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கடி இருந்துச்சு?"

"என்கிட்டயேதான்க்கா. சுருக்கி மூலையில வச்சிருக்கேன், எனக்கே தெரியல. தூக்கிப் போட மனசு வரல அன்னைக்கு."

அக்கா திடீரென்று அழுகைக்கு நடுவில் சிரித்தாள்.

"அன்னைக்கு அம்மா எதுக்குச் சிரிச்சாங்க தெரியுமா உனக்கு? உன்னைப் பத்தித்தான் புகார் சொல்லிட்டிருந்தாங்க. கிழிஞ்ச துணி, உடைஞ்ச டப்பா எதையும் இவ தூக்கிப் போட விடமாட்டேங்கறாடின்னு. நான் சொன்னேன், விடும்மா, அவ புருஷன் கிழவனானாலும் தூக்கிப் போடமாட்டா, மடிச்சு ஒரு மூலையில வச்சுப்பான்னு. அதுக்குத்தான்டி அந்தச் சிரிப்பு."

காதோரம் இன்னும் சோப்பு நுரை காய்ந்து ஒட்டியிருந்த வீட்டுக்காரர், "என்னவாம் உங்கக்காவுக்கு?" என்று கேட்டார். அவள் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.